மோட்டார் போட்டால் விளக்கு ஏன் மங்குகிறது?



திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளி பெரும்பாலும் பாறைப் பூமி. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையானாலும் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறியானாலும், கிணற்று நீரை நம்பிய பயிர்களே அதிகம். முன்பு மாடுகள் கமலை இழுத்த கிணறுகளில் இன்று மோட்டார்கள் ஓடுகின்றன.

தோட்டத்து வீடுகளில் வசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மோட்டார் சுவிட்சைப் போட்டதும் வீட்டிலுள்ள குண்டு பல்பு சட்டென்று மங்கி, ஓரிரு விநாடிகளில் மறுபடியும் ஒளிர்கிறது. "கரண்டு குறைந்துவிட்டது" என்பார்கள் பெரியவர்கள். உண்மையில் அந்த நேரத்தில் கம்பியில் மின்னோட்டம் குறையவில்லை; பல மடங்கு கூடுகிறது! குறைவது மின்னழுத்தம்தான். இது எப்படி என்று கணக்குப் போட்டே பார்ப்போமா?

இரண்டு வாய்பாடுகள்

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஜார்ஜ் ஓம், தாம் கண்ட விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். நமக்குத் தேவையானவை இவ்வளவே:

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)

திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். 60-ஐ 230-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 0.26 ஆம்பியர். 230-ஐ 0.26-ஆல் வகுத்தால் தடை சுமார் 880 ஓம். இது மின்னிழை வெண்சூடாக இருக்கும்போது உள்ள தடை. அணைந்து குளிர்ந்த பல்பின் தடை இதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

கம்பிக்கும் தடை உண்டு

மீட்டர் பெட்டியிலிருந்து 150 மீட்டர் தொலைவில் வீடு இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டுமல்லவா? ஆகவே கம்பியின் மொத்த நீளம் 300 மீட்டர். கம்பி அலுமினியம்; குறுக்குப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அலுமினியக் கம்பிக்கு, மீட்டருக்கு 0.028 ஓம் தடை. எனவே நம் கம்பியின் தடை:

0.028 × 300 ÷ 4 = 2.1 ஓம்

880 ஓமுக்கு முன் 2.1 ஓம் அற்பம்தான். பல்பு மட்டும் எரியும்போது கம்பியில் இழக்கும் அழுத்தம் 0.26 × 2.1, அதாவது அரை வோல்ட்டுக்குச் சற்றே அதிகம். யார் கண்ணுக்கும் தெரியாது.

இப்போது அதே கம்பியிலிருந்து, வீட்டுக் கிணற்றிலுள்ள 1 குதிரைத்திறன் மோட்டாரைப் போடுகிறோம். ஓடும்போது அது 6 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். ஆனால் நின்றிருக்கும் மோட்டாரில், சுழற்சியால் எழும் எதிர் மின்னியக்கு விசை இல்லை. அதனால் புறப்படும் நேரத்தில் ஐந்து மடங்கு, அதாவது 30 ஆம்பியர்கூடப் பாயலாம். அப்போது கம்பியிலேயே இழக்கும் அழுத்தம்:

30 × 2.1 = 63 வோல்ட்

வீட்டுக்கு மிஞ்சுவது 167 வோல்ட். பல்பின் தடை மாறவில்லை எனக் கொண்டால், மின்னோட்டம் 167 ÷ 880 = 0.19 ஆம்பியர், திறன் சுமார் 32 வாட். 60 வாட் பல்பு கிட்டத்தட்டப் பாதித் திறனுக்கு இறங்கிவிட்டது! எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் அழுத்த மாறுதலைச் சமாளிக்கும் சுற்று இருப்பதால், அவற்றில் இந்த மங்கல் தெரிவதில்லை.

காயில் ஏன் எரிகிறது?

விளக்கு மங்குவது சிறு தொல்லை. பெரிய தொல்லை வேறொன்று. மோட்டார் ஓடும்போது கம்பியில் இழக்கும் அழுத்தம் 6 × 2.1 = 12.6 வோல்ட். அதை 6 ஆம்பியரால் பெருக்கினால் 75.6 வாட். ஒரு துளி நீரும் இறைக்காமல், வயரைச் சூடாக்கவே செலவாகும் திறன் இது. இதையே

வீணாகும் திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × தடை

என்றும் எழுதலாம். 'வர்க்கம்' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். மின்னழுத்தம் தாழ்ந்தாலும் கிணற்றின் ஆழம் குறைவதில்லை. அதே நீரைத் தூக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. 6 ஆம்பியர் 7.5 ஆனால் கூடுதல் கால் பங்குதான், ஆனால் காயிலில் எழும் வெப்பம் ஒன்றரை மடங்குக்கும் அதிகம் (36-க்குப் பதில் 56.25). காயில் மேல் பூசிய காப்புப் பூச்சு கருகுகிறது. பிறகு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு காயில் கட்டும் கடைக்கு ஓட வேண்டியதுதான். அதுவரை பயிர் வாடும்.

1932-இல் நீலகிரியின் பைக்காராவில் பிறந்த மின்சாரத்தைச் சமவெளிக்குக் கொண்டுவந்ததும் இந்த வர்க்கக் கணக்கை மனத்தில் கொண்டுதான். அழுத்தத்தை உயர்த்தினால் அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும். 230 வோல்ட்டுக்குப் பதில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் சுமார் 48-இல் ஒரு பங்கு. அதே கம்பியில் இழப்போ சுமார் 2,300-இல் ஒரு பங்கு!

ஓர் எச்சரிக்கை

மோட்டாருக்கு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மட்டும் வாட் கிடைத்துவிடாது. மாறுதிசை மின்னோட்டத்தில் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை, ஆகவே 0.8 போன்ற திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். அதனால்தான் மேலே கண்ட மோட்டார் கணக்குகளைத் தோராயம் எனக் கொள்ள வேண்டும். மேலும், வீட்டு மின்இணைப்பில் நீங்களாக எதையும் அளக்க முயலாதீர்கள். கணக்குக்குக் காகிதமும், சோதனைக்கு டார்ச் செல்லும் போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

மேற்கண்ட வீட்டில் 4-க்குப் பதில் 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால், (1) கம்பியின் தடை என்ன? (2) மோட்டார் புறப்படும்போது வீட்டுக்கு எத்தனை வோல்ட் மிஞ்சும்? (3) ஓடும்போது கம்பியில் வீணாகும் திறன் எவ்வளவு? மின்னோட்டங்கள் மாறவில்லை எனக் கொள்ளுங்கள்.

விடைகள்: (1) 1.4 ஓம் (2) 188 வோல்ட் (3) 50.4 வாட்.

விடை சரியாக வந்ததா? அப்படியானால் அடுத்த முறை வீட்டில் வயர் வாங்கும்போது, "எந்தப் பருமன் வேண்டும்?" என்ற கேள்விக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம்.