கோபம் அடங்கிய பிறகுதான் கதை

பாலர் வகுப்பில் கதை படித்துக் காட்டுவது என் வேலை. பிள்ளைகளுக்கு உணர்ச்சிகளைப் புரியவைக்க எந்தப் படப் புத்தகம் நல்லது என்று பெற்றோர் கேட்பார்கள். எந்தப் புத்தகம் என்பதைவிட, எப்போது, எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

பிள்ளை தரையில் புரண்டு அழும்போது புத்தகத்தை நீட்டாதீர்கள். அப்போது எதுவும் காதில் ஏறாது, புத்தகமே தண்டனையாகிவிடும். வயிறு நிறைந்து மடியில் சாய்ந்திருக்கும் நேரம்தான் சரி.

அவசரமாக வரிகளைப் படித்து முடிக்காமல், படத்தை நிதானமாகப் பார்க்க விடுங்கள். மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) இதற்கு நல்ல பாடம். சேட்டை செய்யும் மேக்ஸை, ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று சொல்லி அறைக்கு அனுப்பிவிடுகிறாள் அம்மா. முதல் பக்கங்களில் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. பக்கம் நகர நகரப் படம் பெரிதாகிறது. அறை காடாகிறது; மேக்ஸ் கடல் தாண்டிப் போய் பூதங்களுக்கு ராஜாவாகிறான். அவர்கள் கூத்தடிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் நிறைந்த படங்கள் மூன்று; ஒரு சொல்கூட இல்லை. அங்கே நானும் வாயைத் திறப்பதில்லை. பிள்ளைகளே உறுமுவார்கள், காலால் தரையை உதைப்பார்கள். கடைசியில் மேக்ஸ் வீடு திரும்பினால், சாப்பாடு சூடு ஆறாமல் காத்திருக்கிறது.

அந்த அம்மா எந்தப் படத்திலும் வருவதில்லை. "அம்மா எங்க மிஸ்?" என்று யாராவது கேட்பார்கள். "சாப்பாட்ட யாரு வெச்சிருப்பா?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

"இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "இவன் மூஞ்சியப் பாரு, என்ன ஆச்சு இவனுக்கு?" என்று கேளுங்கள். தன்னைப் பற்றிப் பேசத் தயங்கும் பிள்ளைகூட மேக்ஸைப் பற்றித் தாராளமாகப் பேசும்.

அன்னா யேனாஸின் 'தி கலர் மான்ஸ்டர்' உணர்ச்சிகளை நிறம் நிறமாகப் பிரித்து ஜாடிகளில் போடுகிறது. அதில் கோபம் சிவப்பு. உங்கள் பிள்ளை தன் கோபம் கறுப்பு என்று சொன்னால் திருத்த வேண்டாம். "ஓ, கறுப்பா? எப்ப வந்துச்சு?" என்று பேச்சை வளர்த்துக்கொண்டு போங்கள்.

கோரி டோர்ஃபெல்டின் 'தி ராபிட் லிசன்ட்' (2018) பெரியவர்களுக்கும் வேண்டிய கதை. டெய்லர் அடுக்கிய கட்டைகள் சரிந்துவிடுகின்றன. விலங்குகள் ஒவ்வொன்றாக வந்து ஆளுக்கொரு யோசனை சொல்கின்றன. முயல் மட்டும் பேசாமல் ஒட்டி உட்காருகிறது. நாம் பெரும்பாலும் அந்த மற்ற விலங்குகளில் ஒன்றாகத்தான் இருக்கிறோம்.

ஆங்கிலப் புத்தகமே என்று தயங்க வேண்டாம். படத்தைக் காட்டி, வீட்டில் பேசுகிற தமிழில் கதையைச் சொல்லுங்கள். தமிழிலேயே வேண்டுமானால், சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

ஒன்றையே தினமும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கதையில் பிள்ளைக்கு இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது. அது தீர்ந்ததும் அடுத்த புத்தகத்தைத் தானே தூக்கிக்கொண்டு வரும்.