சந்தா இல்லாத செயற்கை நுண்ணறிவு: வகுப்பறையில் ஒரு முயற்சி

சென்ற பருவத்தில் எட்டாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அதுக்கு மாசாமாசம் பணம் கட்டணுமா சார்? எங்க வீட்டுல ஒரே போன்தான். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு" என்றாள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கருவி, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதைப் பற்றிய பாடம் மட்டும் என்று விட்டுவிட முடியுமா? அவளுக்கு விடை தேடியபோது அறிந்ததைப் பகிர்கிறேன்.

திறந்த மாதிரி என்பது என்ன?

கைப்பேசிச் செயலியில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இணையம் வழியே ஒரு நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, விடையாகத் திரும்புகிறது. திறந்த மாதிரியை ஒரு கோப்பாகப் பதிவிறக்கி நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். அதன்பின் இணையமோ சந்தாவோ தேவையில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பயன்படுத்தினால், மாணவர் தட்டச்சு செய்வது பள்ளியை விட்டு வெளியே போகாது.

பிரான்சின் மிஸ்ட்ரல் நிறுவனம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட மிஸ்ட்ரல் 7பி இவ்வகையைச் சேர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரி. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர், தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கும்.

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் ஆகாது. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட வரையறை, அளவுருக்கள், நிரல், பயிற்சித் தரவு பற்றிய போதிய விவரம் ஆகிய மூன்றையும் கேட்கிறது. எனவே நிறுவுமுன் உரிமத்தைப் படிப்பது நல்லது.

நம் கணினி தாங்குமா?

இதை ஒரு கணக்காகவே கரும்பலகையில் எழுதினேன். மாதிரியில் 700 கோடி அளவுருக்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 1,400 கோடி பைட், அதாவது 14 ஜிபி. அதையே அரை பைட்டாகச் சுருக்கினால் 3.5 ஜிபி. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இது இயங்கும். விடை மெதுவாக வரும். துல்லியமும் சற்றுக் குறையும். இயக்குவதற்கு ஒல்லாமா, லாமா.சிபிபி போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் உள்ளன. இணையம் உள்ள இடத்தில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம்.

ஆடிப்பட்டம் கற்பித்தது

வேறொரு சிறிய மாதிரியை நிறுவி, மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொன்னேன். "ஆடிப்பட்டம் என்றால் என்ன?" என்றான் ஒருவன். ஆடி மாதத்தில் பட்டம் பறக்கவிடும் விழா என்று அது தயக்கமின்றி விடை தந்தது. வகுப்பே சிரித்தது. சந்தா பற்றிக் கேட்ட அதே மாணவி எழுந்து, அது விதைக்கும் பருவம் என்று விளக்கினாள்.

இத்தகைய மாதிரிகள் படித்த எழுத்தில் தமிழின் பங்கு மிகக் குறைவு. அதனால் இப்பிழைகள் வரும். ஆனால் திறந்த மாதிரியை, உரிமம் அனுமதித்தால், தமிழ்த் தரவு கொண்டு மேலும் பயிற்றுவிக்க யாராலும் இயலும். விலையைவிட இந்தத் திருத்தும் உரிமைதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

வகுப்பறைச் செயல்பாடு (6 முதல் 9ஆம் வகுப்பு வரை)

1. குழுவுக்கு ஒரு கேள்வி: பாடநூலிலிருந்தோ ஊர் வழக்கிலிருந்தோ.
2. கிடைத்த விடையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சரி', 'தவறு', 'சரிபார்க்க வேண்டும்' எனக் குறித்தல்.
3. பாடநூல், பள்ளி நூலகம், வீட்டுப் பெரியவர்கள் மூலம் சரிபார்த்தல்.
4. திருத்திய விடையைச் சொந்த நடையில் எழுதுதல்.

தொடக்க வகுப்புகளில் இதைக் குழந்தைகளிடம் தர வேண்டாம். வாசிப்பு அட்டை, பயிற்சித் தாள் தயாரிக்க ஆசிரியர் பயன்படுத்தி, ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தபின் வகுப்புக்குக் கொண்டுசெல்லலாம்.

அந்த மாணவியிடம் இப்போது சொல்ல முடிகிறது: "பணம் கட்ட வேண்டாம்மா. ஆனா அது சொல்றதை நீதான் சரிபார்க்கணும்." எங்கள் ஆய்வகக் கணினி ஒன்றில் அந்த மாதிரி இருக்கிறது. பக்கத்தில் மாணவர்கள் எழுதிவரும் பிழைப் பதிவேடும் இருக்கிறது. அதன் முதல் வரி ஆடிப்பட்டம்.