அறுநூறு ரூபாயில் ஒரு சந்தா வகுப்பு

இன்டர்நெட்டில் சந்தா வாங்கித் தொழில் செய்ய லட்சம் வேண்டும் என்று மலைக்காதீர்கள். வெப்சைட் செய்து தர ஒருவர் என்னிடம் 12,000 கேட்டார். என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா தந்தது 600 ரூபாய். 350-க்கு ஒரு காலர் மைக், மீதிக்கு டேட்டா. செல்போனை ஸ்டூலில் கட்டி, என்ஜினியரிங் டிராயிங் பாடத்தை வீடியோ எடுத்தேன்.

பணம் வாங்க 2016-ல் வந்த யு.பி.ஐ. போதும், வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு வருவதில் கமிஷன் கிடையாது. வாட்ஸ்ஆப் குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். அதுதான் நம் வகுப்பறை!

மாதச் சந்தா 30 ரூபாய். முதல் மாதம் ஜூனியர்கள் 14 பேர். அடுத்த மாதம் ஐந்தே பேர்! ஆக மொத்தம் 570, முதலே திரும்பவில்லை. விலகிய ஒரு தம்பியிடம் கேட்டேன். "வீடியோவைத்தான் பிரண்டு அனுப்பிடுறானே, அப்புறம் எதுக்குண்ணே காசு?" என்றான். அன்று இரவு தூக்கமில்லை. அப்பா சாரத்தில் நின்று சம்பாதித்த காசாச்சே!

பாடத்தை யாரும் யாருக்கும் அனுப்பலாம். ஆனால் தான் வரைந்த ஷீட்டில் எந்தக் கோடு தப்பு என்று அவனுக்கு யார் சொல்வது? எனவே வீடியோவை இலவசமாக்கினேன். சந்தா கட்டியவர் தன் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால், சிவப்பில் திருத்தி ஞாயிறுக்குள் அனுப்புவேன். ஒரு ஷீட்டுக்கு 10 நிமிடம். 30 பேருக்கு வாரம் 5 மணி நேரம். அதற்கு மேல் என் படிப்பு கெடும் என்பதால் 30 பேரோடு நிறுத்திவிட்டேன்.

மாதம் 900 ரூபாய் வருகிறது. அப்பாவிடம் 600-ஐத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். அம்மா வாங்கிக்கொண்டது!