பட்டாளத்துத் தாத்தாவைத் தேடுகிறீர்களா?

கண்டாச்சிபுரம் பக்கத்தில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று பெயர் நிலைத்த குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்:

● முதலில் டிரங்க் பெட்டியைத் திறங்கள். பதக்கம் கிடைத்தால் விளிம்பைப் பாருங்கள். படை எண், பெயர் பொறித்திருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மங்கிவிடும்.

● உலகப் போர்களில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பலருக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டமும் இருக்கும். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இராது. மியான்மரின் தௌக்கியான், சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னங்களில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

● விழுப்புரம் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. இந்த மாவட்டம் பிரிந்தது 1993-இல்தான். ‘தென்னாற்காடு’, ‘திருக்கோவிலூர் தாலுகா’ என்று தேடுங்கள். முனுசாமியை முனிசாமி, முனுஸ்வாமி என்றும் எழுதியிருப்பார்கள். ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

● உயிரோடு ஊர் திரும்பியவர் என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். படை எண்ணும் ரெஜிமென்ட் பெயரும் கையில் இருந்தால் வேலை சுலபம்.

● கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைக் கேட்கலாம்.

● பழைய வருவாய்த்துறை ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. போகும்முன் அனுமதி நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

● கிடைத்த தாளை உடனே படம் எடுத்து, இரண்டு உறவினர்களுக்காவது அனுப்பிவையுங்கள்.