அடித்த காசும் மாற்றிய அச்சும்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. சமஸ்தானத்தில் வழங்கிய அம்மன் காசை நம்மிற் பலர் கண்டிருப்பர்: ஒருபுறம் பிரகதாம்பாள் உருவம், மறுபுறம் தெலுங்கெழுத்தில் 'விஜய' என்னும் சொல். காசு அடித்த பின்னர் அச்சினை எவ்வளவு திருத்தினும், அடித்த காசு மாறுவதில்லை. பைதான் மொழியில் நிரல் எழுதும் மாணவர் இதனையொத்த உண்மையொன்றை மறந்து இடர்ப்படுவதுண்டு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

செயற்கூறு ஒன்றனை அழைப்போர் ஒரு மதிப்பினைக் கொடாதபோது அதற்கு ஈடாக நிற்பது தானமைவு மதிப்பு. அஃது எப்பொழுது கணிக்கப்படுகின்றது? அழைக்குந்தோறும் என்று எண்ணுவோர் பலர், அது பிழை. செயற்கூறு வரையறுக்கப்படும்பொழுதே, ஒருமுறை மட்டும் கணிக்கப்பட்டு, அதனுட் பதிந்துவிடுகின்றது.

நூலகத் தண்டத்தைக் கணக்கிடும் செயற்கூறு ஒன்றைக் கொள்வோம். கெடுநாள் அதற்கு முதல் உள்ளீடு. இன்றைய தேதியைக் கூறும் 'நாள்காட்டி' என்னும் மற்றொரு செயற்கூறு அதன் தானமைவு. தண்டம் நாளொன்றுக்கு 1 ரூபாய். கெடு ஜூலை 1. சோதனை செய்வோன் 'நாள்காட்டி' என்னும் பெயர்க்கு, ஜூலை 11 என்றே விடைதரும் போலி ஒன்றை 'பேட்ச்' என்னும் கருவியால் நிறுத்துகின்றான். இக்கருவியையுடைய 'யூனிட்டெஸ்ட்.மாக்' 2012-இல் பைதான் 3.3-உடன் அம்மொழியின் நூலகத்திற் சேர்ந்தது. விடை 10 ரூபாய் ஆகவேண்டும். ஆயின் ஜூலை 15-இற் சோதித்தால் 14 வருகின்றது. பெயர் மாறிற்று, பதிந்த பொருள் மாறவில்லை. தற்செயலாக ஜூலை 11-இலேயே சோதித்திருப்பின் 10 வந்து, சோதனை தேறியதாகவே தோன்றும்! இதுவே பேரபாயம்.

பரிகாரம் மூன்று. முதலாவது, போலியை உள்ளீடாக நேரே கொடுத்தல். எளிது, ஆயின் தானமைவு சோதிக்கப்படாது. இரண்டாவது, செயற்கூற்றின் தானமைவுகளைத் தாங்கும் 'டிஃபால்ட்ஸ்' என்னும் பண்பையே (பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் உண்டு) 'பேட்ச்.ஆப்ஜெக்ட்' கொண்டு சோதனை முடியுமட்டும் மாற்றுதல். அது மதிப்புகளின் வரிசையாதலின் ஒழுங்கு பிறழலாகாது. மூன்றாவது, தானமைவாக 'நன்' என்னும் வெறுமையை வைத்து, உடலினுள்ளே, 'வெறுமையாயின் நாள்காட்டியைக் கொள்க' என்றெழுதுதல். அப்பெயர் அழைக்குந்தோறும் தேடப்படுதலின் போலி தன் தொழிலைச் செய்யும். புதிய நிரல்களுக்கு இதுவே சாலச் சிறந்தது.

அன்றியும், போலி உண்மையில் அழைக்கப்பட்டதா என்பதையும் சோதனை கேட்கவேண்டும். அவ்வாறு கேட்டிருப்பின் ஜூலை 11-இலும் பிழை வெளிப்பட்டிருக்கும். சோதனை தேறிற்று என்று மகிழ்வதற்கு முன், எதனைச் சோதித்தோம் என்று கேட்பதே மாணவர்க்கு அழகு. அத்தேர்ச்சியை நம்பித் தண்டங் கட்டுபவன் நம் சக மாணவனாகவும் இருக்கக்கூடும்.