சுண்ணாம்புச் சுவருக்கு எந்தப் பெயிண்ட்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரைக்குடி, கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கத்துப் பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் பெயிண்டைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பல வீடுகளில் சுவர் கெடுவது அந்தக் கடைசி வேலையால்தான். சுண்ணாம்புக் காரை, தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். அந்த வழியை அடைக்காத பூச்சே அதற்கு ஏற்றது.

நம்பிக்கை: விலை கூடிய எமல்ஷன் அடித்தால் சுவர் நீண்ட நாள் தாங்கும்.

உண்மை: அக்ரிலிக் எமல்ஷன் சுவர்மேல் படலமாகப் படியும். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. ஏறிய ஈரம் படலத்துக்குப் பின்னால் தங்க, அதில் கரைந்து வந்த உப்பு அங்கேயே பொரியும். முதலில் கொப்புளம் வரும், பிறகு உரியும். உரிந்த பெயிண்டைத் திருப்பிப் பாருங்கள்: காரையும் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

நம்பிக்கை: ஓதம் அடிக்கும் சுவருக்கு வாட்டர்புரூஃப் பெயிண்ட் போதும்.

உண்மை: கீழே அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். கசியும் குழாய், சுவரோரம் தேங்கும் மழைநீர், உயர்த்திப் போட்ட சிமெண்ட் வாசல் என்று காரணத்தைக் கண்டு சரிசெய்யுங்கள். சுவர் காய்ந்த பிறகு பெயிண்டைப் பற்றிப் பேசலாம்.

நம்பிக்கை: பழைய காரையைக் கொத்தி, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்தால்தான் பெயிண்ட் நிற்கும்.

உண்மை: விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வரும் இடத்தைத் தொடவே வேண்டாம். பொள்ளலாகக் கேட்கும் இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்தே பூசுங்கள். சிமெண்ட் ஒட்டு, மென்மையான பழைய காரையோடு சேராமல் ஓரத்தில் விரிசல் விடும்.

நம்பிக்கை: சுண்ணாம்பு அடித்தால் சட்டையில் ஒட்டும்.

உண்மை: உலர்ந்த சுவரில் கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் ஒட்டத்தான் செய்யும். நன்றாக நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்து, மெல்லிசாக மூன்று நான்கு கோட் அடிக்க வேண்டும். அடித்ததும் பழைய சுவர் அப்படியே தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி அது கல்லாக இறுகுவதற்கு ஈரப்பதமும் நேரமும் வேண்டும். அதனால் உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

நம்பிக்கை: சுண்ணாம்பில் வெள்ளையை விட்டால் வேறு நிறம் இல்லை.

உண்மை: காரத்தைத் தாங்கும் காவி, மஞ்சள் காவி, அல்ட்ராமரின் நீலம் ஆகியவற்றைக் கலக்கலாம். செலவு கூடினாலும் பரவாயில்லை என்றால் பொட்டாசியம் சிலிகேட் பெயிண்ட் இருக்கிறது. ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-ல் காப்புரிமை பெற்ற முறை அது; சுவரோடு வேதிமுறையில் பிணைந்து, ஈரத்தையும் வெளியே விடும்.

நம்பிக்கை: எமல்ஷன் மேலேயே சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம்.

உண்மை: சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உடனே உறிஞ்சினால் வேலையைத் தொடங்கலாம். முத்து முத்தாக வழிந்தால் படலம் இருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பெயிண்டைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். கூலி அதிகம்தான், ஆனால் காரையைக் காப்பாற்றும் வேலை இதுதான். எமல்ஷனுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடுங்கள்.