அண்ணாமலை உச்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

“அதோ, கண்ணுக்கு எதிர்லதானே இருக்கு? காலையில ஏறினா டிபனுக்கு இறங்கிடலாம்.” திருவண்ணாமலைக்குப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். அண்ணாமலையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,670 அடி. எண் யாரையும் மிரட்டுவதில்லை. ஆனால் ஊரிலிருந்து ஏற வேண்டியது ஏறக்குறைய 2,000 அடி. அதுவும் பாறைமேல் பாறையாக நிமிர்ந்து நிற்கும் ஏற்றம். நிழல் குறைவு. வெயில் ஏறிவிட்டால் கல் சுடும். உச்சியிலோ ஆண்டுதோறும் எரியும் கார்த்திகை தீபத்தின் நெய் படிந்து பாறை கறுத்து வழுக்கும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் நடுங்குகிறது, குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரமாக.

சாமி மலைக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்றும் கேட்கிறார்கள். இது காப்புக்காடு, உச்சிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். கார்த்திகை தீபத்தன்றுகூட முன்பெல்லாம் 2,500 பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு. தீபக் கொப்பரையும் நெய்யும் சுமந்து போகிறவர்கள் தனி.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ‘கல்மலை சரியாது’ என்ற நினைப்பு. 2024 டிசம்பர் 1 அதை உடைத்தது. முந்தின இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்திருந்தது. மழை கொட்டித் தீர்த்தது. மாலையில் வ.உ.சி. நகருக்கு மேலே மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பாறை அசையாததுபோலத் தெரிந்தாலும், அதைப் பிடித்து நிற்பது இடுக்கிலிருக்கும் மண்தான். நீர் புகுந்தால் அந்த மண் கனத்து, இளகி, பிடியை விட்டுவிடும். புவியியல் வல்லுநர்கள் மலையைப் பார்வையிட்ட பிறகு, அந்த ஆண்டு டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்கள் ஏறத் தடை விதிக்கப்பட்டது. பக்தியைத் தடுத்துவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் உண்டு. மழை ஊறிய சரிவில் ஆயிரக்கணக்கான கால்கள் பட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தத் தடை சரியே.

இது அணைந்த எரிமலை என்று சொல்லும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அக்னித் தலம் என்பதோடு அது அழகாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். எரிமலை வாயோ, உறைந்த குழம்போ இங்கே இல்லை. பூமியின் ஆழத்தில் இறுகி, மேல்மூடி அரித்துப் போனபின் வெளியே தலைகாட்டிய மிகப் பழைய பாறை இது.

மலையிலுள்ள மரங்கள் தாமாக வளர்ந்தவை என்பதும் தவறு. 1980-களில் மலை பெரும்பாலும் மொட்டையாகத்தான் கிடந்தது. தன்னார்வக் குழுக்களும் வனத்துறையும் நாற்று வளர்த்து, குழி தோண்டி, கன்று நட்டார்கள். கோடையில் புல் காய்ந்ததும் எங்காவது தீப்பிடிக்கும். வேலைக்கு நடுவே ஓடிப்போய்ப் பச்சைத் தழையால் அடித்து அணைப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். வழியில் ஒருவர் ஏற்றும் கற்பூரம் அவர்களுடைய பல வருட உழைப்பைச் சாம்பலாக்கிவிடும்.

பாதையை விட்டு விலகுவதிலும் ஆபத்து உண்டு. மலையில் 1899 முதல் 1922 வரை வாழ்ந்த ரமண மகரிஷியையே குளவிகள் விடவில்லை. புதருக்குள் இருந்த கூட்டில் அவர் கால் பட்டுவிட, அந்தக் காலை மொய்த்துக் கொட்டின. மலையைக் கைரேகைபோல் அறிந்தவருக்கே இப்படி என்றால், பாதையை விட்டுப் பிள்ளைகளை ஓடவிடுவது எப்படி?

அப்படியானால் குடும்பத்தோடு எங்கே போவது? ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து மலைச்சரிவிலுள்ள கந்தாசிரமம் வரை கல் பாவிய பாதை இருக்கிறது. விடியற்காலைக் குளிர்ச்சி போவதற்குள் நடந்தால் பாட்டிகூட நின்று நின்று வந்துவிடுவார். குரங்குகள் பையைப் பறிக்கும். தின்பண்டத்தைக் கையில் காட்டாமலிருந்தால் போதும். தண்ணீரை எடுத்துச் செல்ல வேண்டும், வெறும் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கந்தாசிரமத்துக்கு அருகே பாறை விளிம்பில் நின்றால் ஊரின் பெரிய கோயில் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். கோபுரங்களை எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் ராஜகோபுரத்தில் தொடங்கி ஒன்பது வரை வருவார்கள்.